இரத்மலானை: ஒரு வெளியின் வரலாறு

ஒரு நகரின் வரலாற்றை எழுத முற்படுவோர் அதன் கோட்டைகளையும் கோயில்களையும் துறைமுகத்தையும் நாடிச் செல்வர். வெற்று வெளிகளை நாடுவோர் அரிது. ஆயினும், திறந்து கிடப்பதையே தனது பயனாகக் கொண்ட நிலமொன்று கொழும்புக்குத் தெற்கே, காலி வீதியின் அருகே உண்டு. இரத்மலானை விமானத் தளமே அது. இந்நாட்டின் முதலாவது விமானத் தளம் என்பது அதன் சிறப்பு. மக்கள் அதனை நாடி வந்த காரணங்கள் காலந்தோறும் மாறியமையோ அதனினும் கருதத்தக்கது.

கொழும்பு நகருக்கு எட்டும் தொலைவில் விமானத் தளமொன்றை அமைக்க அரசாங்க சபை 1934இல் முடிவு செய்தது. மேற்கே காலி வீதியும் கரையோரப் புகையிரதப் பாதையும், அவற்றுக்கு அப்பால் கடலும். கிழக்கே சதுப்பு நிலம். இவற்றுக்கிடையே இரத்மலானை தெரிந்தெடுக்கப்பட்டது. 1935 நவம்பர் 27ஆம் நாள், சென்னைப் பறப்புக் கழகத்தின் தலைமைப் பயிற்றுநரான டின்டேல் பிஸ்கோ செலுத்தி வந்த சிறிய 'புஸ் மொத்' விமானம் இங்கு முதன்முதலாக இறங்கிற்று.

விமானத் தளம் தோன்றிய அதே காலப்பகுதியில் புகையிரதத் தொழிற்சாலையும் மருதானையிலிருந்து இங்கு இடம்பெயர்ந்தது. ஊர் மெல்ல மெல்லத் தொழிலாளர் புறநகராயிற்று. அம்மாற்றம் போரையும் உடன் அழைத்து வந்தது. 1942 ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறன்று காலை, யப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. தளத்தில் நின்ற ஹரிக்கேன் விமானங்களின் ஓட்டிகள், பகைவர் தலைக்கு மேல் தோன்றிய பின்னரே செய்தியை அறிந்தனர். புகையிரதத் தொழிற்சாலையும் குண்டுக்கு இலக்காயிற்று.

போர் ஓய்ந்தது. 1947 டிசம்பர் 10ஆம் நாள் எயர் சிலோன் நிறுவனத்தின் டக்கோட்டா விமானம் இங்கிருந்து புறப்பட்டுக் காங்கேசன்துறை வழியாகச் சென்னையை அடைந்தது. சுதந்திரத்துக்கு இரண்டு மாதங்களே இருந்த வேளை அது. தீவின் தெற்கையும் வடக்கையும் தமிழகத்தையும் ஒரே நாளில் தொட்டுச் செல்லும் பாதையொன்று வானில் திறந்தது. நாடு ஒன்றென்பதற்கு அதனினும் எளிய சான்று வேண்டியதில்லை எனலாம்.

ஆனால் புறநகர் வளர வளர வெளி நெருக்குண்டது. ஏறக்குறைய 1,830 மீற்றர் நீளமுடைய ஓடுபாதையை வீதியும் வீடுகளும் ஒருபுறமும், சதுப்பு மறுபுறமும் மறித்து நின்றன. பெரிய ஜெட் விமானங்களுக்கு அது போதவில்லை. 1967இல் சர்வதேச விமான நிலையம் கட்டுநாயக்காவில் திறக்கப்பட்டதும் இரத்மலானையின் பெருமை மங்கிற்று.

1983 யூலையில் அவ்வெளி மீண்டும் மக்களால் நிறைந்தது. பயணச் சீட்டு எவரிடமும் இருக்கவில்லை. கலவரத்தில் வீடிழந்த ஆயிரக்கணக்கான தமிழர் விமானக் கொட்டகைகளில் அடைக்கலம் புகுந்தனர். அயலிலுள்ள இந்துக் கல்லூரியும் அகதி முகாமாயிற்று. இயந்திரங்களுக்கெனக் கட்டிய உயர்ந்த கூரையின் கீழ்க் குழந்தைகள் சீமெந்துத் தரையில் உறங்கினர். அயலார் என நம்பியிருந்தோரை அஞ்சி வந்தவர்களும், அஞ்சாத அயலாரால் காக்கப்பட்டு வந்தவர்களும் அங்கு ஒருங்கே இருந்தனர். அகதிகளிற் பலர் கப்பலேறிக் காங்கேசன்துறை சேர்ந்தனர். 1947இல் விமானம் சென்ற அதே திசை. பயணத்தின் பொருள்தான் வேறு.

போர்க்காலத்தில் தரைவழி அடைபட்டபோது, பலாலிக்கும் இரத்மலானைக்கும் இடையிலான பறப்பே பலருக்கு வழியாயிற்று. 1998 செப்டெம்பர் 29ஆம் நாள் பலாலியிலிருந்து இரத்மலானை நோக்கிப் புறப்பட்ட விமானம் மன்னாருக்கு அப்பால் கடலில் வீழ, அதிலிருந்த 55 பேரும் மாண்டனர். அவர்களுக்காகக் காத்திருந்தோர் வெறுங்கையுடன் திரும்பினர்.

2022 மார்ச்சில் வெளிநாட்டு விமானமொன்று மாலைதீவிலிருந்து மீண்டும் இங்கு இறங்கியபோது, முதலாவது தளத்தின் பழம்பெருமை பேசப்பட்டது. பேசத்தக்கதே. எனினும், 1935இல் இறங்கிய சிறு விமானத்தை நினைவுகூரும் வரலாறு, 1983இல் அதன் கொட்டகையில் உறங்கிய குழந்தையையும் தன் ஏட்டில் எழுதிக்கொள்ளல் வேண்டும். புறப்படுவதற்கென அமைந்த நிலம் ஒருகால் புகலிடமாகவும் இருந்தது என்பதை மறந்த ஊர், தன் வரலாற்றிற் பாதியையே அறியும்.