மலையேறிக் கரிசலுக்கு

மும்பையில் வாழும் நம்மவர்க்கு ஊர்ப் பயணம் என்றால் இரயில் பயணமே. தாதரில் ஏறிப் படுத்து ஊரில் இறங்குகிறோம். இடையே கிடக்கும் நாட்டைப் பாதிக்குமேல் இருளிலேயே கடந்துவிடுகிறோம். இரயில்வே எழுத்தன் இவ்வாறு கூறலாமா என்று அன்பர்கள் நகைக்கக்கூடும். இலவசப் பாஸ் கையிலிருக்க, சென்ற தீபாவளிக்கு வாடகை மோட்டார் அமர்த்திக் கோவில்பட்டிச் சீமைக்குப் புறப்பட்டபோது என் அலுவலகத்தாரும் நகைக்கவே செய்தனர்.

அது என் தாயாரின் விருப்பம். மணமாகி வந்த நாள்முதல் நாற்பது ஆண்டுகளாக இரயிலில் போய்வந்தவர், முழங்கால் முற்றும் தளருமுன் அந்தத் தூரத்தைப் பகலில் பார்த்துவிட வேண்டும் என்றார்.

தேவ்நாரில் உள்ளோர்க்குச் சாலை வாசலிலேயே தொடங்குகிறது. வாசிப் பாலத்தையும் பன்வேலையும் கடந்ததும் சகியாத்திரி சுவர்போல் எழுந்து நிற்கிறது. ஏறக்குறைய 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலைக் குழம்பு அடுக்கடுக்காய் உறைந்த மலை அது. இங்குள்ள போர்காட் கணவாயில் 1830இல் வண்டிச்சாலை திறந்தார்கள். 1863இல் இருப்புப்பாதை ஏறிற்று. முப்பத்தேழு அடிக்கு ஓரடி உயரும் ஏற்றம்! பல வண்டிகளைப் பின்னிருந்து தள்ள இன்றும் கர்ஜத்தில் இஞ்சின்களைச் சேர்க்கிறார்கள். தொழிற்பெருமை, பொறுத்தருள்க. நாங்களோ விரைவுச் சாலையில் சுரங்கங்களுள் நுழைந்து எளிதில் மேலேறிவிட்டோம்.

மேலே வேறு நாடு. மகாபலேசுவரத்தில் ஆண்டுக்கு 5,000 மில்லிமீட்டருக்குமேல் பெய்யும் மழை, கிழக்கே 100 கிலோமீட்டருக்குள் 600க்கும் கீழே இறங்கிவிடுகிறது. மலை மேகத்தை மறித்துக்கொள்வதால், அப்பால் மரம் குறைந்து புல்வெளி விரிகிறது. சாத்தாராப் பக்கத்தில், மழைக்காலம் முடிந்து கொங்கணம் நோக்கி இறங்கும் தங்கர் இடையர்களைக் கண்டோம். மட்டக்குதிரைமேல் பாத்திரமும் கோழிக்குஞ்சும். பின்னே சாலையடைத்த மந்தை. தேவ்நார் இறைச்சிக்கூடத்திற்கு லாரியில் வரும் ஆடுகளையே அறிந்த என் பிள்ளைகளுக்கு, ஆடு இத்தனை தூரம் நடக்கும் என்பதே புதுமை.

சாத்தாராவை எட்டுமுன் கிருஷ்ணையைத் தாண்டினோம். அரபிக்கடலுக்கு 64 கிலோமீட்டர் தொலைவிலேயே பிறந்தும், அவள் மேற்கே திரும்பாமல் 1,400 கிலோமீட்டர் ஓடி வங்கக்கடல் சேர்கிறாள். 1996 முதல் அந்நீர் கால்வாய் வழியே சென்னைக்கும் வருகிறது. "அப்படியானால் தண்ணியும் நம்மோடதான் வருது" என்றார் தாயார்.

இரவு பெல்காமில் தங்கினோம். மறுநாள் காலை தார்வாருக்கு அப்பால் நிலம் திடீரெனக் கறுத்தது. அதுவரை வேடிக்கை பார்த்துவந்தவர் நிமிர்ந்து உட்கார்ந்து, "ஏலே, நிறுத்தச் சொல்லு! இது நம்ம கரிசல்லா!" என்றார். இறங்கினோம். பருத்தி வெடித்துக் கிடந்தது. தாயார் ஒரு கட்டியை எடுத்து நெரித்துப் பார்த்து, இன்னும் ஒரு மழை வேண்டும் என்று தீர்ப்புக் கூறினார். பஞ்செடுத்துக் கொண்டிருந்த மூதாட்டி ஒருத்தி அருகில் வந்தாள். இவருக்குக் கன்னடம் தெரியாது. அவளுக்குத் தமிழ் தெரியாது. ஆயினும் காயைப் பிளந்து காட்டியும், புழுவைச் சுட்டியும், விரல்மடக்கி விலை கேட்டும் கால்மணி நேரம் பேசினர். முழங்கால் வலியைப்பற்றியும் பேச்சு நடந்ததாகவே தோன்றிற்று. புறப்படும்போது அவள் மடிநிறையப் பஞ்சு கொடுத்தாள். தாயார் தம் முறுக்குப் பொட்டலத்தை அவளிடம் கொடுத்துவிட்டார், பிள்ளைகளுக்கு வருத்தம்.

இராணிபென்னூரில் வெளிமான்களுக்கென 1974இல் அமைத்த காப்பகம் உண்டு. எங்கள் கண்ணில் ஒன்றும் படவில்லை. துங்கபத்திரை கடந்து, சித்திரதுர்க்கத்துக் குன்றுகளில் காற்றாலைகள் சுழலக் கண்டு, பெங்களூர் நெரிசலில் இரண்டுமணி நேரம் வீணாக்கி, மாலையில் ஓசூர் அடைந்தோம். கடைப் பலகைகளை என் இளைய மகள் எழுத்துக்கூட்டிப் படிக்கலானாள். அவள் விட்ட எழுத்துகளை ஆச்சி சொல்லிக்கொடுத்துக்கொண்டே வந்தார்.