கேட்டு போட்ட லயம்

கம்பாரில் வாடகைக்கு வீடு தேடினால் எத்தனை அறை வேண்டும், எவ்வளவு தருவீர்கள் என்பதெல்லாம் பிறகு வரும் கேள்விகள். முதல் கேள்வி பெயர். பெயரைச் சொன்னதும் ஏஜெண்ட் ஒரு நொடி பேசாமல் இருப்பார். அந்த ஒரு நொடிக்குள் என்ன நடக்கிறது என்பது மலேசியாவில் வீடு தேடிய எந்தத் தமிழருக்கும் தெரியும். "மாஃப் யா மிஸ், ஓனர் சைனீஸ் மட்டுந்தான் கேக்குறாரு." சிலர் நமக்குப் போன் செலவுகூட வைக்காமல் விளம்பரத்திலேயே போட்டுவிடுகிறார்கள். மூன்று அறை, இரண்டு குளியலறை, வளாகத்துக்கு நடந்து போகும் தூரம், இந்தியர் வேண்டாம். சமையலறையில் கேபினெட் உண்டு என்பதற்கும் இதற்கும் எழுத்தின் அளவில் எந்த வித்தியாசமும் இருக்காது.

எங்களுக்கு வீடு தேவைப்பட்டது அம்மாவுக்கு அறுபது ஆனதால். தனியார் துறையில் ஓய்வு வயது 60க்குக் குறையக்கூடாது என்று 2013 ஜூலையில் சட்டம் நடப்புக்கு வந்தது. தோட்டத்தில் வேலை முடிந்தால் வீடும் முடிந்தது. இது ஏதோ ஒரு தோட்டத்தின் கொடுமை இல்லை. ரப்பர் காலத்திலிருந்தே அப்படித்தான். கூரை சம்பளத்தின் ஒரு பகுதி. வீட்டிலிருந்து ஒரு ஆளாவது வேலைக்குப் போனால் கூரை இருக்கும். தாத்தா கீழே பீடோர் பக்கம் பால்மரம் வெட்டியவர். கேமரன் மலையில் ரஸ்ஸல் 1929ல் தேயிலை போட ஆரம்பித்துப் பல வருடம் கழித்து மேலே ஏறிப்போய், குளிருக்குப் பழகி, அங்கேயே இருந்துவிட்டார். அம்மா லயத்தில் பிறந்து, ஆயாக்கொட்டகையில் வளர்ந்து, கூடையில் கொழுந்து கிள்ளி, பிறகு கத்தரியால் வெட்டி, கடைசியில் இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் பிடிக்கும் மெஷினுக்குப் பின்னால் மூட்டை தூக்கினார். அந்த மெஷினைப் பிடித்தவர்கள் வங்காளதேசத்துப் பையன்கள். எங்கள் லயத்திலும் பாதிக்கு மேல் அவர்கள்தான் இருந்தார்கள். நம் பிள்ளைகள் எல்லாம் பிரிஞ்சாங் ஹோட்டல்களுக்கும், சிங்கப்பூருக்கும், என்னைப்போல் சம்பளத்துக்கு ஏதாவதொரு ஆய்வகத்துக்கும் போய்விட்டோம்.

பிரிஞ்சாங்கிலேயே வீடு பார்த்திருக்கலாமே என்று கேட்டார்கள். பார்த்தோம். மலையில் நிலம் குறைவு, சுற்றுலாக்காரர்கள் அதிகம். ஒரு மாத வாடகைக்குக் கொடுப்பதைவிட நாலு வார இறுதிக்கு விட்டால் லாபம் என்று கடைவீட்டுக்காரர்கள் கணக்குப் போட்டு ரொம்ப நாளாகிறது. தானா ராத்தாவில் ஒன்று அமைந்தது, மூன்றாம் மாடி, படிக்கட்டில் கைப்பிடி இல்லை. அம்மாவின் முழங்கால் அதற்குச் சம்மதிக்கவில்லை. எனக்கோ வேலை கம்பாரில். நேர்கோட்டில் அளந்தால் பிரிஞ்சாங்குக்கும் கம்பாருக்கும் 35 கிலோமீட்டர் இருந்தால் அதிகம். ஆனால் நடுவில் தித்திவாங்சா மலைத்தொடர். தாப்பா ரோட்டில் வளைந்து வளைந்து இறங்கி, பிறகு வடக்கே திரும்பிப் போகவேண்டும். லோரியில் சாமான் ஏற்றிக்கொண்டு இறங்கினால் அரை நாள் போய்விடும்.

கம்பாரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். கிந்தா பள்ளத்தாக்கின் ஈய ஊர். 1985ல் உலக ஈயச் சந்தை சரிந்தபோது இந்தப் பக்கத்து ஊர்கள் பலவும் விழுந்தன. இளையவர்கள் கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் போக, கிழவர்களும் கோழி பிஸ்கட் கடைகளும் மிஞ்சின. 2007ல் துங்கு அப்துல் ரஹ்மான் பல்கலைக்கழகம், யூடார், இங்கே வளாகம் திறந்ததும் ஊருக்கு மறுபடி உயிர் வந்தது. ஈயம் தோண்டிய பள்ளங்கள்தான் இன்று வளாகத்தின் ஏரிகள். மாணவர்கள் அங்கே நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். அழகாகத்தான் இருக்கிறது. ஏரிகளைச் சுற்றி புது டவுன், வெஸ்ட்லேக் என்று வீடுகள் முளைத்தன. ஒரு மாடி வீட்டை அட்டை வைத்து ஆறு அறையாகத் தடுத்து ஆறு மாணவர்களுக்கு விடுவது இங்கே ஒரு தொழில்.

ஆக, எனக்கு முன்னால் மூன்று வழி இருந்தது. பழைய டவுனில் கடைவீட்டு மாடி. புது டவுனில் வரிசை வீடு. ஊருக்கு வெளியே ஏதாவது கம்பத்து வீடு. கம்பார் பக்கம் மம்பாங் டி அவான் என்று ஒரு புதுக்கிராமம் இருக்கிறது. மேகத்தில் வாழும் ஆவி என்று மலாயில் அர்த்தம். பெயரைக் கேட்டதும் அம்மாவுக்குப் பிடித்துவிட்டது, மேகத்திலிருந்து இறங்கி வருகிறவர் இல்லையா. அங்கே சீனர்கள்தான் பெரும்பாலும், நமக்கு யார் வீடு கொடுப்பார்கள் என்றேன். அந்தச் சீனர்களும் அங்கே விரும்பிப் போனவர்கள் இல்லை என்பது பிறகு படிக்கும்போதுதான் எனக்கு உறைத்தது. அவசரகாலத்தில், 1950ல் வந்த பிரிக்ஸ் திட்டம் காட்டோரத்தில் குடியிருந்த ஐந்து லட்சம் பேர் அளவுக்குப் பெயர்த்து, முள்வேலி போட்ட புதுக்கிராமங்களில் குடிவைத்தது. கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போய்ச் சேரக்கூடாது என்பதுதான் நோக்கம். நம்மைத் தோட்டத்தில் அடைத்தார்கள், அவர்களை வேலிக்குள் அடைத்தார்கள். எழுபது வருடம் கழித்து அவர்களின் பேரன் தன் வீட்டுக்கு இந்தியர் வேண்டாம் என்கிறான். இதைக் கோபமாக எழுதவில்லை, வரிசையாக எழுதிப் பார்க்கிறேன், அவ்வளவுதான்.

ஏனென்றால் எனக்கு ரொம்ப வலித்தது சீன ஓனர்கள் சொன்னது இல்லை. புது டவுனில் ஒரு தமிழருக்கு இரண்டு வீடு இருந்தது. ஓய்வுபெற்றவர், கோயில் கமிட்டியில் எல்லாம் இருப்பவர். போனில் தமிழ் கேட்டதும் குரலே குளிர்ந்தது. எந்தத் தோட்டம், யார் பிள்ளை என்று அன்பாக விசாரித்தார். பிறகு, "தப்பா நெனச்சுக்காதமா, நம்மாளுங்களுக்கு விட்டா வாடகை கேக்க மொகம் வராது. நான் சீனப் பசங்களுக்குத்தான் விடுறது" என்றார். போனை வைக்கும் முன் பசியாறிவிட்டேனா என்றும் கேட்டார்.

சென்னையில் வேலை பார்க்கும் என் சிநேகிதிக்கு இதைச் சொன்னபோது அவள் சிரித்தாள். அங்கே பெயருக்கு அடுத்த கேள்வி, "சைவமா?" என்பது. ஒரே மொழி பேசுகிற ஊரில் சமையலைக் கேட்டால் சாதி தெரிந்துவிடும், மதம் தெரிந்துவிடும். இங்கே குழம்பு வாசம் சுவரில் ஒட்டிக்கொள்ளும் என்பது காரணம். அங்கே மீன் வாசம். வாசத்தின் பெயரால் எதை வேண்டுமானாலும் நாகரிகமாகச் சொல்லிவிடலாம் போல.

என்னோடு தமிழ்ப்பள்ளியில் படித்தவள் ஒருத்தி இல்லினாயில் அர்பானா-ஷாம்பெய்னில் ஆராய்ச்சி செய்கிறாள். அதுவும் சோளக்காட்டுக்கு நடுவில் ஒரு பல்கலைக்கழக ஊர். அவள் வீடு தேடிய கதையை ஒரு பட்டியலாகச் சொன்னாள்: பேருந்துத் தடம் பக்கமா, குளிர்காலத்துக்கு ஹீட்டிங் யார் கட்டுவது, துணி துவைக்க மெஷின் கட்டடத்துக்குள்ளேயா. இனம் கேட்டார்களா என்றேன். விளம்பரத்தில் அப்படிப் போட முடியாது, 1968லேயே சட்டம் வந்துவிட்டது என்றாள். மனத்துக்குள் வைத்துக்கொண்டு வேறு காரணம் சொல்லலாம், எழுதமுடியாது. எழுத முடியாது என்பதே எனக்குப் பெரிய சொத்தாகத் தெரிந்தது.

அந்தச் சட்டத்துக்கு முன்னால் அங்கே நடந்ததைப் படித்துப் பார்த்தேன். செயின்ட் லூயிஸில் ஷெல்லி என்ற கறுப்பினக் குடும்பம் 1945ல் ஒரு வீடு வாங்குகிறது. அந்தத் தெருக்காரர்கள் 1911லேயே தங்களுக்குள் ஒப்பந்தம் எழுதி வைத்திருக்கிறார்கள்: கறுப்பர்களும் மங்கோலிய இனத்தவரும் இங்கே குடியிருக்கக்கூடாது. வழக்கு உச்ச நீதிமன்றம் போய், 1948ல், இப்படிப்பட்ட ஒப்பந்தங்களை நீதிமன்றங்கள் நிறைவேற்றி வைக்க முடியாது என்று தீர்ப்பானது. மங்கோலிய இனம் என்றால் அன்றைக்கு ஆசியக்காரர்கள். என்னை வேண்டாம் என்ற புது டவுன் ஓனர் அந்தத் தெருவுக்குப் போயிருந்தால் அவருக்கும் கதவு திறந்திருக்காது. இதை அவரிடம் சொல்ல ஆசையாக இருந்தது. ஏஜெண்டைத் தாண்டிப் பேசினால்தானே.

நம் நாட்டில் அரசியலமைப்பின் 8வது பிரிவு எல்லாரும் சமம் என்கிறது. ஆனால் அது அரசாங்கத்தைக் கட்டுப்படுத்துகிற பிரிவு. தன் வீட்டுச் சாவியைக் கையில் வைத்திருக்கிற தனி ஆளைத் தொடாது. குடியிருப்பு வாடகைக்கென்று தனிச் சட்டம் வரப்போகிறது என்பது நான் வீடு தேடிய சமயத்தில் பேச்சாகவே இருந்தது.

பதினாலாவது வீடு கிடைத்தது. புது டவுனில் கடைசி வரிசை, ஒரு மாடி, மாதம் 750 வெள்ளி. இரண்டு மாத முன்பணம், தண்ணீர் மின்சாரத்துக்கு அரை மாதம், முதல் மாத வாடகை, ஆகமொத்தம் 2,625 வெள்ளியைச் சாவி வாங்கும் முன்பே எண்ணி வைக்கவேண்டும். அம்மாவின் சேமநிதியிலிருந்து எடுத்தோம். ஓனர் ஈப்போவில் இருக்கும் ஒரு சீன டீச்சர், ஓய்வுபெற்றவர். அவர் கேட்டது ஒன்றுதான்: "உங்கம்மா தனியா இருப்பாங்களா பகல்ல? படிக்கட்டு வழுக்கும், பாத்துக்கச் சொல்லுங்க." பதிமூன்று பேருக்கு எதிராக இவரை நிறுத்தி நல்லவர் பட்டம் கொடுக்க எனக்கு விருப்பமில்லை. வாடகையை ஒழுங்காகக் கட்டுகிறேன், அவர் ஒழுகுகிற குழாயை மாற்றித் தருகிறார். இது சாதாரணமாக இருக்கவேண்டிய விஷயம்.

அம்மா முதல் நாள் வந்து வாசலில் நின்று வரிசையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் பார்த்தார். ஒரே கூரை, பொதுச் சுவர், ஒரே மாதிரி கதவு, ஒரே மாதிரி சன்னல். "என்னாடி இது, இதுவும் லயந்தானே. கேட்டு போட்ட லயம்" என்றார்.

சொன்னது சரிதான், ஒன்றைத் தவிர. லயத்தில் பக்கத்து வீட்டில் பருப்பு தாளித்தால் இங்கே தெரியும், அடி விழுந்தாலும் தெரியும், ஓடுவோம். இங்கே சுவருக்கு அந்தப் பக்கம் ஆறு மாணவர்கள் இருந்தும் இரவு முழுக்க ஒரு சத்தமில்லை. காதில் எதையாவது மாட்டிக்கொண்டிருக்கிறார்கள். அம்மாவுக்கு அந்த அமைதி ஒத்துக்கொள்ளவில்லை. வெக்கையும்தான். அறுபது வயது வரை காற்றாடி இல்லாமல், இரண்டு கம்பளி போர்த்திப் படுத்தவர். கம்பாரில் நாங்கள் வாங்கிய முதல் சாமான் ஒரு நிற்கும் காற்றாடி. அதை முகத்துக்கு நேரே வைத்தால் மூச்சு அடைக்கிறது என்று சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்துவிட்டுத் தூங்குவார். காலையில் வாசலில் உட்கார்ந்து புஜாங் மலாக்கா மலையைப் பார்ப்பார். "நம்ம மலை இதுக்குப் பின்னாடியா?" இதற்குப் பின்னாடி, அதற்கும் பின்னாடி என்பேன்.

மூன்றாம் மாதம் வாசலில் பழைய பெயிண்ட் வாளிகளில் புதினாவும் வேப்பிலையும் வந்தன. (எங்கள் வீட்டில் கறிவேப்பிலைக்குப் பேச்சில் அதுதான் பெயர், தமிழ்நாட்டு வாசகர்கள் குழம்பவேண்டாம்.) எதிர்வரிசைச் சீனப் பாட்டி ஒருத்தர் தினமும் நடக்கும்போது வாளிகளை நின்று பார்ப்பார். அவருக்கு மலாய் அரைகுறை, அம்மாவுக்கும் அப்படித்தான். அந்த இரண்டு அரையும் சேர்ந்து முழுசாகிவிடவில்லை, விரலால் காட்டிக்கொள்கிறார்கள். ஒருநாள் பாட்டி வேப்பிலை கேட்டு வாங்கிப்போனார். கறிக்கோழி சமைக்க. வாசம் அவர்கள் வீட்டிலிருந்து எங்கள் வாசல் வரைக்கும் வந்தது.

போன மாதம் ஒப்பந்தம் புதுப்பிக்க ஏஜெண்ட் வந்தார். கையெழுத்து வாங்கிவிட்டு, வரிசையில் நாலாவது வீடும் காலியாகிறது, வேறொரு ஓனர், தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள் என்றார். லயத்தில் அம்மாவுக்கு அடுத்த வீட்டு அத்தைக்கு இந்த டிசம்பரில் அறுபது.

"இந்தியன்ஸ் ஓக்கேவா?" என்று கேட்டேன்.

"ஒங்கள மாதிரி இருந்தா ஓக்கே மிஸ்" என்றார். பாராட்டாகத்தான் சொன்னார்.

எங்களை மாதிரி என்றால் எப்படி என்று கேட்பதற்குள் அம்மா உள்ளே போய் அத்தைக்குப் போன் போட்டுவிட்டார். முன்பணம் எவ்வளவு, குழாய் ஒழுகுதா, வாளி வைக்க எடம் இருக்குதா என்று அங்கிருந்து அத்தை கேட்பது ஸ்பீக்கரில் வாசல் வரைக்கும் கேட்டது.