அடுத்தவன் வீட்டு அடுப்பு

ஆபீஸில் ஆணி கொஞ்சம் அதிகம், அதான் இந்தப் பக்கம் வரவில்லை. யாரும் தேடலைங்கிறது வேற விஷயம் :-)

போன வாரம் ரூம்மேட் என் லேப்டாப்பில் ஒரு கதையைத் திறந்து படித்துவிட்டான். ஸ்டார் ட்ரெக்கில் வரும் ஒரு பையனை எடுத்து நானாக நீட்டி எழுதியது. "ஏன்டா, சொந்தமா ஒண்ணு யோசிக்கக் கூடாதா? அடுத்தவன் வீட்டு அடுப்புல போய் ஏன்டா சமைக்கிற?" என்றான். அப்போதைக்கு ஹி ஹி என்று வழிந்துவிட்டேன். பதில் இப்போதான்.

1966-ல் ஆரம்பித்த பழைய ஸ்டார் ட்ரெக்கில் ஒரு வழக்கம் உண்டு. கேப்டனோடு புதுக் கிரகத்தில் இறங்கும் சிவப்புச் சட்டைக்காரர் பொட்டென்று செத்துப்போவார். பல சமயம் பெயர்கூட நமக்குத் தெரியாது. கதை அதுபாட்டுக்கு நகர்ந்துவிடும். தொடர் விட்டுவைத்த இந்த மாதிரி ஓட்டைகளில்தான் ரசிகர்கள் புகுந்தார்கள். 1967-லேயே 'ஸ்பாக்கனேலியா' என்று சொந்தமாகப் பத்திரிகை போட்டு, ஸ்பாக்கைப் பற்றிக் கதையும் கட்டுரையும் எழுதித் தள்ளினார்கள்.

ரொனால்ட் டி. மூரும் அப்படி ஒரு ரசிகர்தான். 1988-ல் 'நெக்ஸ்ட் ஜெனரேஷன்' செட்டைச் சுற்றிப் பார்க்கப் போனவர், தான் எழுதிய ஸ்க்ரிப்டைக் கையோடு கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார். அதுதான் 1989-ல் வந்த 'தி பாண்டிங்'. என்றோ முடிந்துபோன போரில் புதைத்த கண்ணிவெடி ஒன்று கப்பலின் அதிகாரி ஒருத்தியைக் கொன்றுவிடும். வழக்கமாக அடுத்த காட்சிக்குப் போய்விடுவார்கள். மூர் போகவில்லை. செத்தவளுக்கு அதே கப்பலில் ஜெரமி என்று 12 வயசுப் பையன். அப்பா ஏற்கெனவே இல்லை. இனி அவன் என்ன செய்வான் என்பதுதான் மொத்தக் கதையும்.

இது ரசிகன் கேட்கிற கேள்வி. "அப்புறம் அந்த வீட்ல என்னாச்சு?"

மூருக்கு அங்கேயே வேலை கிடைத்தது. பிற்பாடு 1978-ல் வந்த 'பேட்டில்ஸ்டார் கேலக்டிகா'வை எடுத்துப் புதுசாகச் செய்தார். 2003-ல் குறுந்தொடர், 2004 முதல் 2009 வரை முழுத்தொடர். (அதுவும் அடுத்தவன் அடுப்புதான், கவனிக்கவும்.) மனித இனமே அழிந்து, மிச்சம் சுமார் 50,000 பேர் கப்பல்களில் ஓடிக்கொண்டிருப்பார்கள். அதிபர் ஒரு வெள்ளைப் பலகையில் உயிரோடு இருப்பவர்கள் எண்ணிக்கையை எழுதி வைத்திருப்பார். மூர் எழுதிய '33' எபிசோடின் முடிவில் ஒரு குழந்தை பிறக்கும். அவர் அந்த எண்ணில் ஒன்றைக் கூட்டுவார். உலகம் அழிவதைக் காட்டும் தொடர்கள் நிறைய இருக்கின்றன. ஆனால் அந்த ஒன்றை எண்ணுவதற்கு, சிவப்புச் சட்டைக்காரர் வீட்டைப் பற்றி யோசித்தவர் வேண்டியிருக்கிறது.

சரி, என் மேட்டர். 'தி பாண்டிங்'கை ஹாஸ்டலில் பார்த்தேன். ஜெரமி தனியாக உட்கார்ந்து அம்மாவின் பழைய வீடியோக்களைப் போட்டுப் பார்ப்பான். பக்கத்தில் நாலு பேர் இருந்ததால் பாத்ரூம் போவதாகச் சொல்லி எழுந்து போனேன். எங்கப்பா போனபோது எனக்கும் 12 வயசு. எங்க வீட்டில் வீடியோ எல்லாம் கிடையாது. அவர் குரல் எப்படி இருக்கும் என்பது எனக்கு இப்போது சரியாக ஞாபகமில்லை.

ஜெரமி அதற்குப் பிறகு அந்தத் தொடரில் வரவே இல்லை. என் கதையில் அவனுக்கு 28 வயசு. வேலைக்குப் போகிறான், வாடகை கட்டுகிறான். என்னை வைத்து இதை எழுதப் பலமுறை உட்கார்ந்திருக்கிறேன். நாலு வரிக்கு மேல் நகர்ந்ததே இல்லை. அவனை வைத்து 30 பக்கம் வந்திருக்கிறது.

சொந்த அடுப்பு இன்னும் பற்றவில்லை மச்சி, அதான்.

டிஸ்கி: ரூம்மேட் இதைப் படித்தால், கேட்காமல் லேப்டாப்பைத் திறந்ததற்கு ஒரு வாரம் டீ அவன் செலவு.