பலாலிக்கு ஒரு டிக்கெட்

வடசென்னையில் குடியிருப்பவனுக்கும் ஆகாய விமானத்துக்கும் அதிக ஒட்டு உறவு கிடையாது. கப்பல் எங்களுக்குச் சொந்தம். கூட்ஸ் வண்டி சொந்தம். எண்ணூர்ச் சாலையில் வரிசைகட்டி நிற்கும் கன்டெய்னர் லாரிகளோ, வேண்டாம் என்றாலும் விடாத சொந்தம். தென்னிந்தியாவின் முதல் ரயில்கூட 1856-இல் எங்கள் ராயபுரத்திலிருந்துதான் புறப்பட்டது. விமானம் மட்டும் என்ன கோபமோ, நகரத்தின் மறுகோடியில் மீனம்பாக்கத்தில் போய் இறங்கிக்கொண்டது. 2019-இல் மெட்ரோ ரயில் வண்ணாரப்பேட்டைக்கும், 2021-இல் விம்கோ நகருக்கும் வந்து சேர்ந்த பிறகே எங்களுக்கும் விமான நிலையத்துக்கும் கொஞ்சம் பேச்சுவார்த்தை ஏற்பட்டது.

ஆனால், போக்குவரத்து வழி ஒன்று அடைபட்டால் மனிதர்களுக்கு என்ன நேரும் என்பதை எங்கள் பேட்டைக்கு யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. எம்.கே.பி. நகர் என்ற பெயருக்குள் மகாகவி பாரதியார் மறைந்திருக்கிறார் என்பது பஸ் கண்டக்டருக்குக்கூட மறந்துபோயிருக்கலாம். பக்கத்தில் வியாசர்பாடியில் பர்மாவிலிருந்து வந்தவர்கள் இருப்பது யாருக்கும் மறக்காது. சாயங்காலமானால் அத்தோக் கடையின் வாசனை ஞாபகப்படுத்திவிடும். 1962-இல் பர்மாவில் ராணுவ ஆட்சி வந்தது. கடைகளும் தொழில்களும் பறிபோயின. லட்சக்கணக்கானவர்கள் கப்பலேறி வந்தார்கள். வந்தவர்கள் வந்தார்கள், அங்கேயே தங்கிவிட்ட தங்கையை, தம்பியை அப்புறம் பார்க்காமலே கண்ணை மூடியவர்கள் எங்கள் தெருக்களில் பலர்.

எங்கள் தெருவில் ஒரு யாழ்ப்பாணத்து அம்மாள் இருக்கிறார். எழுபதைத் தாண்டியவர். நான் அவரை 'அக்கா' என்று அழைப்பேன். அவருக்கு நான் 'தம்பி'. 1975-இல் இங்கே வாழ்க்கைப்பட்டு வந்தார். தலைமன்னாரில் கப்பல் ஏறி, ராமேசுவரத்தில் இறங்கி, ரயிலில் எழும்பூர் வந்து சேர்ந்த கதையை, நேற்று நடந்தது போல் சொல்லுவார். போர் மூண்ட பின் அந்தக் கப்பலும் நின்றது. பிறகு ஊருக்குப் போவதென்றால் கொழும்புக்குப் பறந்து, அங்கிருந்து நானூறு கிலோமீட்டர் தரை வழியாக வடக்கே ஏற வேண்டும். சென்னைக்கு நேர் தெற்கே, கடலுக்கு அப்பால் இருக்கும் ஊருக்குப் போக, அதைத் தாண்டித் தெற்கே போய் மறுபடி வடக்கே திரும்பி வரவேண்டும். மூக்கைத் தொடத் தலையைச் சுற்றிக் கையைக் கொண்டுபோவது என்பார்களே, அது இதுதான்.

இத்தனைக்கும் சென்னைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் விமானம் என்பது புதிய சமாசாரமே அல்ல. யாழ்ப்பாணத்துக்கு அருகே பலாலியில் உள்ள தளம் இரண்டாவது உலக யுத்தத்தின்போது பிரிட்டிஷார் போட்டது. 1947 டிசம்பரில், இலங்கை சுதந்திரம் பெறுவதற்கு முன்பே, 'ஏர் சிலோன்' தன் முதல் விமானத்தைக் கொழும்பை அடுத்த ரத்மலானையிலிருந்து விட்டது. எங்கே என்று நினைக்கிறீர்கள்? காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குத்தான்! அந்த டகோட்டா விமானத்துக்கு வைத்த பெயர் 'சீதாதேவி'. இலங்கையிலிருந்து ஆகாய மார்க்கமாகத் திரும்புவதற்கு இதைவிடப் பொருத்தமான பெயர் யாருக்குக் கிடைக்கும்?

யுத்த காலத்தில் பலாலி ராணுவத்தின் கைக்குள் அடங்கிப்போயிற்று. 2009-இல் யுத்தம் முடிந்தது. அதற்குப் பிறகும் பத்து வருஷம் ஆயிற்று, இந்தியாவிலிருந்து ஒரு பிரயாணி நேரே அங்கே போய் இறங்க. 2019 அக்டோபர் 17-ஆம் தேதி அதை யாழ்ப்பாணச் சர்வதேச விமான நிலையம் என்று திறந்து வைத்தார்கள். அடுத்த மாதமே சென்னையிலிருந்து 'அலையன்ஸ் ஏர்' பறக்க ஆரம்பித்தது. பெரிய விமானம் அல்ல. இரண்டு பக்கமும் விசிறி சுழலும், எழுபது பேர் போகக்கூடிய ஏ.டி.ஆர். பிரயாணமோ ஏறத்தாழ ஒன்றேகால் மணி நேரம். எம்.கே.பி. நகரிலிருந்து மீனம்பாக்கம் போக, சில நாட்களில் அதைவிட அதிக நேரம் பிடிக்கும்.

நான்கு மாதம் ஓடியிருக்கும். 2020 மார்ச்சில் கொரோனா வந்தது. உலகத்தில் எல்லா விமானமும் நின்றது போல் இதுவும் நின்றது. மற்றவை ஒவ்வொன்றாகக் கிளம்பின. சென்னைக்கும் கொழும்புக்கும் இடையே மறுபடி பறந்தார்கள். பலாலி மட்டும் பூட்டியே கிடந்தது. சிறிய தடங்களின் தலையெழுத்து அது: நிற்கும்போது முதலில் நிற்கும், கிளம்பும்போது கடைசியில் கிளம்பும்.

2022 ஜூலையில் அக்காவின் தமக்கை யாழ்ப்பாணத்தில் காலமானார். அந்த மாதம் இலங்கை எப்படி இருந்தது என்பது உங்களுக்கு நினைவிருக்கலாம். பெட்ரோலுக்கு நாள்கணக்கில் வரிசை. ஜனாதிபதியே நாட்டை விட்டுப் போய்விட்டார். கொழும்பில் இறங்கினாலும் அங்கிருந்து வடக்கே போக வாடகைக் கார் கிடைப்பது குதிரைக் கொம்பு. அக்காவின் மகன் இரண்டு நாள் யார் யாருக்கோ டெலிபோன் செய்து பார்த்துவிட்டு, "வேண்டாம் அம்மா" என்று சொல்லிவிட்டான். செத்த வீட்டைக் கைபேசியின் சின்னக் கண்ணாடியில் பார்த்தார் அக்கா. நடுவில் இரண்டு தடவை படம் நின்றுவிட்டது. எட்டுச் செலவும் அந்தியேட்டியும் அவர் இல்லாமலே நடந்தன.

அதே வருஷம் டிசம்பர் 12-ஆம் தேதி விமானம் மறுபடி வந்தது. ஐந்து மாதம் தாமதம். கணக்கில் ஐந்து மாதம் ஒன்றும் பெரிதில்லை.

மறு வருஷம் ஆட்டைத் திவசத்துக்கு அக்கா புறப்பட்டார். அப்போதுதான் இந்தக் காலத்து விமான விதிகளை நானும் உட்கார்ந்து படித்தேன். கைப்பை ஒன்றே ஒன்று, ஏழு கிலோ. அதில் திரவம் எதுவானாலும் நூறு மில்லிக்கு மேல் கூடாது. 2006-இல் லண்டனிலிருந்து புறப்படும் விமானங்களைத் திரவ வெடியால் தகர்க்கச் சிலர் போட்ட சதி பிடிபட்டது. அன்று முதல் உலகம் முழுவதும் நல்லெண்ணெய்ப் புட்டி சந்தேகத்துக்கு ஆளாகிவிட்டது. ஒவ்வொரு விதிக்கும் பின்னால் எங்கோ ஒரு விபரீதம் இருக்கிறது. ஆகையால் நான் விதிகளைப் பழிக்க மாட்டேன்.

அக்காவின் சங்கடம் வேறு. திருவொற்றியூர் வடிவுடையம்மன் சந்நிதியில் தமக்கை பேருக்கு அர்ச்சனை செய்த தேங்காயைக் கையோடு கொண்டுபோக வேண்டும் என்றார். கைப்பையில் தேங்காய் கூடாது என்று சொன்னேன். எண்ணெய்ச் சத்து இருப்பதால் தீப்பற்றும் என்று பயம். கொப்பரையோ எதிலுமே கூடாது.

"ஐயப்பன்மாருக்கு மட்டும் விட்டவங்களாமே, தம்பி?"

உண்மைதான். 2022 நவம்பரில், சபரிமலை சீசன் முடியும்வரை, இருமுடித் தேங்காயைப் பரிசோதித்துவிட்டுக் கையில் கொண்டுபோக அனுமதித்தார்கள். கேட்பவர்கள் திரளாக இருந்தால் விதி கொஞ்சம் வளைந்து கொடுக்கிறது. தனி ஒரு கிழவிக்காக வளையாது. கடைசியில் தேங்காய் பெரிய பெட்டிக்குள் போயிற்று. "யாழ்ப்பாணத்துக்கே தேங்காய் கொண்டு வாறியள்?" என்று மருமகள் அங்கே சிரித்தாளாம்.

விதிகளைப் பற்றிப் பேசிப் பேசி நாம் முக்கியமான கேள்வியை விட்டுவிடுகிறோம். சிறு தடத்தில் விமானம் இருக்கிறதா, இல்லையா? நாளைக்கும் இருக்குமா? இது நம் ஊர்க் கேள்வி மட்டுமல்ல. பிரிட்டனில் உள்நாட்டு விமானங்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஓட்டிக்கொண்டிருந்த 'ஃபிளைபி' கம்பெனி, 2020 மார்ச்சில் ஒரே இரவில் மூடப்பட்டது. பல சின்ன ஊர்களின் விமான நிலையங்கள் வெறிச்சோடின. ஆனால் அதே தேசத்தில், ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஆர்க்னித் தீவுகளில் வெஸ்ட்ரே என்ற தீவுக்கும் பாப்பா வெஸ்ட்ரே என்ற தீவுக்கும் இடையே ஒரு விமானம் 1967 முதல் பறக்கிறது. தூரம் மூன்று கிலோமீட்டர்கூட இல்லை. பிரயாண நேரம் இரண்டே நிமிஷம்! லாபக் கணக்குப் பார்த்தால் அதை விடவே முடியாது. வாத்தியாரும் வைத்தியரும் தீவுக்குப் போய்வர வேண்டும் என்று சர்க்கார் பணம் கொடுத்து ஓட்டுகிறது. அவர்கள் அதை விமானமாகக் கருதவில்லை, டவுன் பஸ்ஸாகக் கருதுகிறார்கள்.

நம் தேசத்திலும் அந்த எண்ணம் வராமல் இல்லை. 2016-இல் 'உடான்' திட்டம் அறிவித்தார்கள். மறு வருஷம் முதல் விமானம் சிம்லாவிலிருந்து டில்லிக்குப் பறந்தது. பெரிய தடங்களில் ஒரு தொகை வசூலித்து, சிறிய தடங்களின் நஷ்டத்தை மூன்று வருஷம் ஈடுகட்டுவது ஏற்பாடு. அந்த மூன்று வருஷத்தில்தான் முடிச்சு இருக்கிறது. சேலத்துக்கு 2018 மார்ச்சில் விமானம் வந்தது, 2021-இல் நின்றது, 2023 அக்டோபரில் மறுபடி வந்தது. சேலத்துக்காரருக்கு ரயில் இருக்கிறது, பஸ் இருக்கிறது. விமானம் நின்றால் ஒரு சௌகரியம் போகும், அவ்வளவுதான். கடல் நடுவில் கிடக்கும்போது அப்படிச் சொல்ல முடியாது.

பலாலிக்கு இப்போது நல்ல காலம் என்றுதான் சொல்ல வேண்டும். 2024 செப்டம்பரில் 'இண்டிகோ' சென்னையிலிருந்து ஆரம்பித்தது. 2025 மார்ச்சில் திருச்சியிலிருந்தும் தொடங்கியது. நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023-இல் கப்பலும் விட்டார்கள். ஒரு வழி அடைபட்டாலும் இன்னொன்று திறந்திருக்க வேண்டும் என்பதே என் ஆசை. ஒரு தடத்தை நிறுத்தலாமா என்று யோசிக்கும் அதிகாரிகள், எத்தனை இருக்கை காலியாகப் போயிற்று என்று மட்டும் எண்ணாமல், அது இல்லாத நாட்களில் எத்தனை பேர் செத்த வீட்டுக்குப் போகாமல் நின்றார்கள் என்பதையும் ஒரு பக்கத்தில் எழுதி வைத்துக்கொண்டால் நல்லது.

அக்கா திரும்பி வந்த அன்று பனங்கட்டி கொடுத்துவிட்டுச் சொன்னார்:

"எங்கட ஊர் இவ்வளவு கிட்ட இருக்கெண்டு இவ்வளவு காலமும் எனக்குத் தெரியேல்லை, தம்பி. முந்தியே விட்டிருந்தா அக்காவின்ர முகத்தைப் பாத்திருப்பன்."

அதற்கு என்னிடம் பதில் இல்லை. பனங்கட்டியை வாங்கிக்கொண்டேன்.