கழித்தலும் கூட்டலும்

பழைய வீட்டை முழுவதும் இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவது ஒரு வகையில் எளிது. அதே வீட்டில் குடியிருந்துகொண்டே சுவரைப் பெயர்த்துச் சுவரை எழுப்புவதுதான் கடினம். அடுப்பும் எரிய வேண்டும்; ஆசாரியும் வேலை செய்ய வேண்டும். எந்தத் தூணை எடுத்தால் கூரை தாங்கும், எதை எடுத்தால் சரியும் என்பது தெரிந்திருக்க வேண்டும். ஒரு விளையாட்டு அணியைத் திருத்தி அமைப்பதும் இத்தகைய வேலைதான். தூண்களுக்குப் பதில் அங்கே மனிதர்கள் நிற்கிறார்கள் என்பதே வேறுபாடு.

2025ஆம் ஆண்டு ஐ.பி.எல். கிரிக்கெட் தொடரில் சென்னை சூப்பர் கிங்ஸ் அணி 14 ஆட்டங்களில் 4இல் மட்டுமே வென்று, 10 அணிகளுள் கடைசி இடத்தைப் பெற்றது. ஐந்து முறை கோப்பை வென்ற அணிக்கு அதுவரை நேராத தாழ்வு அது. அவ்வாண்டு நவம்பரில், ரவீந்திர ஜடேஜாவையும் சாம் கரனையும் ராஜஸ்தான் அணிக்குக் கொடுத்துவிட்டு, சஞ்சு சாம்சனைச் சென்னை வாங்கியது. அச்செய்தி வந்தபோது எங்கள் திருத்தணிப் பங்கின் இளைஞர்கள் முகம் வாடிப்போனார்கள். ஒருவன் என்னிடமே முறையிட்டான்: "கடைசிப் பந்துல கோப்பையை வாங்கிக் குடுத்தவரு ஃபாதர். அவரையே அனுப்பிட்டாங்களே, இது நியாயமா?" 2023 இறுதிப் போட்டியின் கடைசி இரண்டு பந்துகளில் ஜடேஜா அடித்த சிக்சரையும் பவுண்டரியையும் அவன் மறக்கவில்லை. விளையாட்டைப் பற்றிய கேள்விதானே என்று அதை ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. உழைத்தவரை எப்போது விடலாம், எப்படி விடலாம் என்ற பெரிய கேள்வி அதற்குள் இருக்கிறது.

முதலில், இந்தத் திருத்தி அமைத்தல் எவ்வாறு நடக்கிறது என்பதைப் பார்ப்போம். அமெரிக்காவின் பேஸ்பால் ஆட்டத்தில், இளம் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் முறையில் பின்தங்கிய அணிக்கு முன்னுரிமை உண்டு. ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் அணி தன் மூத்த வீரர்களை எல்லாம் அனுப்பிவிட்டு, 2013இல் 162 ஆட்டங்களில் 111இல் தோற்றது. அந்தத் தோல்விகளினூடே சேர்த்த இளைஞர்களைக் கொண்டு 2017இல் கோப்பையை வென்றது. (அவ்வாண்டு எதிரணியின் சைகைகளை அது கள்ளத்தனமாகப் படித்தது பின்னர் உறுதியாகி, அந்த வெற்றியில் கறை படிந்தது வேறு கதை.) ஐ.பி.எல். தொடரில் தோற்றவருக்கு அத்தகைய பரிசு இல்லை. முதலிடம் பெற்ற அணிக்கும் கடைசி அணிக்கும் செலவின் உச்சவரம்பு ஒன்றே. 2025 தொடருக்கு அது 120 கோடி ரூபாய். அதற்குள் அதிகபட்சம் 25 வீரர்கள்; அவர்களுள் வெளிநாட்டவர் 8 பேருக்கு மேல் கூடாது. ஆகவே ஒருவரைக் கழிக்காமல் இன்னொருவரைக் கூட்ட இயலாது. ஒருவருக்கு 18 கோடி கொடுத்தால், வேறு எவரோ ஒருவருக்கு இடமில்லை என்று பொருள்.

இந்தக் கணக்கைச் சென்னை அணி நெடுங்காலம் தன் வழியில் போட்டது. தடை காரணமாக 2016, 2017 தொடர்களில் விளையாடாமல், 2018இல் திரும்பி வந்தபோது, முப்பது வயதைக் கடந்தவர்களையே அது பெரிதும் நம்பியது. வயோதிகர் படை என்று பலரும் நகைத்தனர். காவிரிப் போராட்டத்தால் ஓர் ஆட்டம் தவிர மற்ற உள்ளூர் ஆட்டங்கள் புனே நகருக்கு மாற்றப்பட்டன. ஆயினும் கோப்பை சென்னைக்கே வந்தது. இறுதிப் போட்டியில் 57 பந்துகளில் 117 ஓட்டங்கள் எடுத்து வெல்ல வைத்த ஷேன் வாட்சனுக்கு அப்போது வயது 36. பிறர் முடிந்துபோனவர் என்று கருதியவரை அழைத்து, இடம் கொடுத்து, இரண்டு ஆட்டங்களில் தவறினாலும் நீக்காமல் பொறுத்திருப்பது அந்த அணியின் பண்பாயிற்று. 2023 தொடருக்கு 50 லட்சம் என்னும் அடிப்படை விலையில் வாங்கப்பட்ட அஜிங்க்ய ரஹானே, அதுவரை எவரும் காணாத வேகத்தில் அடித்து ஆடியதும் அந்தப் பொறுமையின் கனிதான்.

ஆனால் எந்த நற்பண்புக்கும் ஓர் எல்லை உண்டு. ஒருவரைக் கைவிடாதிருப்பது வேறு. ஒருவரை விட மறுப்பது வேறு. முன்னது அந்த மனிதரிடம் உள்ள ஆற்றலைக் காண்கிறது. பின்னது நம் நினைவுகளை அவரிடம் தேடுகிறது. 2024 நவம்பரில் ஜெட்டாவில் நடந்த பெரிய ஏலத்திற்குமுன் சென்னை தக்க வைத்துக்கொண்ட ஐவருள் மகேந்திர சிங் தோனியும் ஒருவர். சர்வதேச ஆட்டங்களை விட்டு ஐந்தாண்டுகள் கழிந்தவரை நாட்டுக்கு ஆடாத வீரராகக் கணக்கிடலாம் என்ற விதியால் 4 கோடிக்கு அவரை வைத்துக்கொள்ள முடிந்தது. அப்போது அவருக்கு 43 வயது. 2018இல் விட்டுப்போன அஸ்வினை 38 வயதில் 9.75 கோடிக்கு மீண்டும் அழைத்தார்கள். சேப்பாக்கம் மகிழ்ந்தது, அடுத்த ஆண்டுப் புள்ளிப் பட்டியல் மகிழவில்லை. வாட்சனின் காலத்தில் கனி தந்த அதே வழி, ஆட்டத்தின் வேகம் மாறிவிட்ட காலத்தில் பதராயிற்று.

அந்தத் தோல்வி ஆண்டின் நடுவில்தான் மாற்றம் தொடங்கியது. காயமுற்ற தலைவர் ருதுராஜ் கெய்க்வாட்டுக்குப் பதிலாக 17 வயது ஆயுஷ் மாத்ரே வந்தார். ஏலத்தில் எவரும் எடுக்காத டெவால்ட் பிரெவிஸும் வேறொருவருக்கு மாற்றாக வந்தார். 2025 மே 3ஆம் நாள் பெங்களூருக்கு எதிராக மாத்ரே 48 பந்துகளில் 94 ஓட்டங்கள் எடுத்தார். மறுமுனையில் நின்று ஆட்டமிழக்காமல் 77 எடுத்தவர், அவரைவிட ஏறத்தாழ இரு மடங்கு வயதுடைய ஜடேஜா. சென்னை 2 ஓட்டங்களில் தோற்றது. தோற்ற அந்த ஆட்டத்தில்தான் ஒரு தலைமுறை தன் இடத்தை இன்னொன்றுக்கு விட்டுக்கொடுப்பதை நான் கண்டேன்.

பிறகு நடந்தவை வேகமாக நடந்தன. ஆகஸ்ட்டில் அஸ்வின் ஐ.பி.எல். ஆட்டங்களிலிருந்து ஓய்வு பெற்றார். நவம்பரில் ஜடேஜா சென்றார். டிசம்பர் 16ஆம் நாள் அபுதாபி ஏலத்தில், நாட்டுக்காக ஒருமுறையும் ஆடாத பிரசாந்த் வீர், கார்த்திக் சர்மா என்னும் இருவரைத் தலைக்கு 14.20 கோடி கொடுத்துச் சென்னை வாங்கியது. இருவருக்கும் அடிப்படை விலை 30 லட்சமே. இருவருமே இருபது வயதை ஒட்டியவர்கள். அவ்வளவு பெரிய எண்ணை ஓர் இளைஞனின் தோளில் ஏற்றும்போது, அவன் தவறும் நாளில் அதே எண்ணைச் சொல்லி ஏசாதிருக்கும் கடமையும் நமக்கு வந்துவிடுகிறது. ஏலத்தொகை ஒருவருடைய தேவையைக் காட்டும். அவருடைய மதிப்பைக் காட்டாது. முன்பு சுரேஷ் ரெய்னாவை 2022 ஏலத்தில் எந்த அணியும் வாங்கவில்லை. அதனால் அவர் சென்னைக்காக ஆடியவை ஒன்றும் குறைந்துவிடவில்லை.

வெளியே தேடும்போது வீட்டுத் திண்ணையில் இருப்பது கண்ணுக்குத் தப்புவதும் உண்டு. சென்னையில் வளர்ந்த சாய் சுதர்சனைக் குஜராத் அணி 2022இல் 20 லட்சத்திற்கு எடுத்தது. 2023 இறுதிப் போட்டியில் அவர் சென்னைக்கு எதிராகவே 47 பந்துகளில் 96 ஓட்டங்கள் குவித்தார். 2025இல் தொடரிலேயே அதிக ஓட்டங்கள் எடுத்தவரும் அவரே. பேஸ்பாலில் பிராஞ்ச் ரிக்கி என்பவர் நூறாண்டுகளுக்குமுன் செயின்ட் லூயிஸ் அணிக்காகச் சிற்றூர்களின் அணிகளையே நாற்றங்காலாக்கினார். நாற்றங்கால் இல்லாதவன் ஒவ்வொரு பருவத்திலும் நாற்றை விலைக்கு வாங்க வேண்டும்.

இதைச் சொல்வதால், மண்ணின் மைந்தர் மட்டுமே ஆட வேண்டும் என்பது என் கருத்தன்று. திருத்தணியில் வாழ்பவர் அப்படிச் சொல்ல முடியாது. ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்திலிருந்த இந்த ஊர் 1960 ஏப்ரல் முதல் நாள் சென்னை மாநிலத்தோடு இணைந்தது. இன்றும் எங்கள் கடைத்தெருவில் தமிழும் தெலுங்கும் ஒரே தராசில் நிறுக்கப்படுகின்றன. குண்டூர் அம்பாட்டி ராயுடு 2018இல் சென்னைக்காக 602 ஓட்டங்கள் எடுத்தபோதும், ராஞ்சியில் பிறந்தவரைத் 'தல' என்று அழைத்தபோதும் எவரும் பிறப்புச் சான்று கேட்கவில்லை. ஒருவர் எங்கே பிறந்தார் என்பதைவிட, எங்கே உழைத்தார் என்பதே சொந்தத்தை உண்டாக்குகிறது.

அப்படியானால் சொந்தமானவரை அனுப்புவது நியாயமா? சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பங்கு மாற்றப்படும் குருவாகிய எனக்கு இது அயலான கேள்வியன்று. ஓர் ஊரில் பழகிய முகங்களை விட்டு மூட்டை கட்டும்போது மனம் நோகத்தான் செய்யும். என்றாலும் மாற்றம் அநீதியாவதில்லை. மாற்றும் விதத்தில்தான் நீதியும் அநீதியும் இருக்கின்றன. அவரிடம் முன்கூட்டியே பேசினார்களா, அவருடைய இசைவைக் கேட்டார்களா, அவர் இன்னும் பயன்படும் இடத்திற்குப் போகிறாரா என்பவையே கேட்க வேண்டியவை. ஜடேஜா, 2008இல் தாம் தொடங்கிக் கோப்பை வென்ற ராஜஸ்தானுக்கே திரும்பினார். உதிர்ந்த இலையாக அல்ல, வேண்டி அழைக்கப்பட்டவராகச் சென்றார். அந்த இளைஞனுக்கு நான் சொன்ன பதில் இதுவே.

நம் பாடகர் குழுக்களையும் சங்கங்களையும் பங்குப் பேரவைகளையும் இந்தக் கண்ணோடு ஒருமுறை பார்ப்பது நலம். இருபது ஆண்டுகளாக ஒருவரே பொறுப்பில் இருப்பதை விசுவாசம் என்கிறோம். பின் இளைஞர் வரவில்லையே என்று வருந்துகிறோம். மூத்தவர் தளர்ந்து விழும் வரை காத்திருக்காமல், அவர் கை வலுவாக இருக்கும்போதே ஓர் இளைஞனை அவர் பக்கத்தில் நிறுத்த வேண்டும். அதற்கான நேரத்தை அறிந்து செய்தால் கழித்தலிலும் அன்பு குறையாது. கூட்டலிலும் நன்றி மறக்காது.