ஊதாத நேரத்துக்கும் ஊதியம்

சிம்பொனி இசைக்குழுவில் டிரம்போன் வாசிப்பவரின் வேலையில் பெரும்பகுதி, வாசிக்காமல் உட்கார்ந்திருப்பதுதான். பீத்தோவனின் ஐந்தாம் சிம்பொனி 1808இல் வியன்னாவில் அரங்கேறியது. அதன் நான்கு பகுதிகளில் கடைசிப் பகுதியில் மட்டுமே டிரம்போனுக்கு வேலை. 1876இல் அரங்கேறிய பிராம்ஸின் முதல் சிம்பொனியிலும் அதே கதை. துவோர்ஷாக்கின் ‘புதிய உலகம்’ சிம்பொனியில் டியூபாக்காரருக்கு இரண்டாம் பகுதியில் விரல்விட்டு எண்ணக்கூடிய சுரங்கள்தான் உண்டு. காத்திருக்கிறார் என்பதால் ஓய்வெடுக்கிறார் என்று நினைத்துவிடக் கூடாது. மனத்துக்குள் தாளக்கட்டங்களை எண்ணிக்கொண்டே இருக்க வேண்டும். ஊதாமல் வைத்தால் பித்தளை குளிர்ந்து சுருதி இறங்கும். ஆகவே சத்தம் வராமல் குழாய்க்குள் மூச்சை விட்டுச் சூடேற்றிக்கொள்வார்கள், உள்ளே தேங்கிய நீரை வடித்துவிடுவார்கள். பிராம்ஸில் மூன்று பகுதிகள் சும்மா இருந்த உதட்டோடு, மெல்லிய ஒலியில், உச்ச சுரத்தைத் தொட்டு நுழைய வேண்டியிருக்கிறது. வயலின் கூட்டத்தில் ஒருவர் பிசகினால் மற்றவர்களின் ஒலி மூடிவிடும். இங்கே பிசிறினால் அரங்கம் முழுவதும் கேட்கும்.

செஞ்சியில் பிறந்து ஜெர்மனியில் குடியேறிய என்னை இந்த நாட்டில் அதிகம் யோசிக்க வைத்தது, இந்தக் காத்திருப்புக்கும் சம்பளம் தருகிறார்கள் என்பது. பொது நிதியில் நடக்கும் தொழில்முறை இசைக்குழுக்கள் இங்கே ஏறத்தாழ 130 இருக்கின்றன. அவற்றில் ஒத்திகையும் கச்சேரியைப் போலவே பணியாகக் கணக்கில் ஏறும். இதை எதிர்த்தவர்களும் உண்டு. 2004இல் பான் நகரின் பீத்தோவன் இசைக்குழுவைச் சேர்ந்த வயலின் கலைஞர்கள், காற்றுக் கருவிக்காரர்களைவிடத் தாங்கள் மிக அதிகமான சுரங்களை வாசிப்பதால் கூடுதல் ஊதியம் வேண்டும் என்று வழக்குத் தொடுத்தார்கள். அவர்களுடைய களைப்பு உண்மையானது. ஆனால் சுரங்களை எண்ணிக் கூலி போடுவது, ஒருவர் தயாராக இருப்பதன் மதிப்பை மறந்துவிடும் கணக்கு. டிரம்போன்காரரின் பல நாள் ஒத்திகையும் தினசரிச் சாதகமும் அந்த ஒரு நுழைவுக்காகத்தான். அந்த உழைப்புக்குப் படியளக்கும் சமூகத்தில்தான் அந்தக் கலை தலைமுறை தாண்டி நிற்கிறது என்பது என் துணிபு.

செஞ்சியைப் பாருங்கள். கோட்டைக்கு அருகிலுள்ள மேலச்சேரியின் திரௌபதி அம்மன் வழிபாட்டைப் பற்றி அமெரிக்க அறிஞர் ஆல்ஃப் ஹில்டபைட்டல் 1988இல் பெரிய நூலே எழுதினார். உலகம் ஆராய்ச்சி செய்யும் அந்த வழிபாட்டின் அங்கமான பாரதக் கூத்தில் முகவீணைக்காரர் சீவாளியை நனைத்துக்கொண்டு இரவு முழுக்க, விடியும்வரை பாட்டுக்குப் பின்னால் ஊதுகிறார். வெற்றிலை பாக்கோடு முன்பணம் கைமாறும், ஆடி முடித்தபின் தொகையைப் பங்கு பிரிப்பார்கள். கல்யாண ஊர்வலத்தில் டிரம்பெட்டும் யூஃபோனியமும் ஊதும் பேண்டு செட்டுக்காரர்களுக்கும் அன்றைய நிகழ்ச்சிக்குத்தான் காசு. புதுப்பாட்டு பழகிய நாட்களும், முகூர்த்தமே இல்லாத மார்கழியும் அவரவர் பாடு. அந்த நாட்களில் கூலி வேலைக்கோ வயல் வேலைக்கோ போய்வந்த உதடும் விரலும் மறுநாள் கருவியைத் தொடுகின்றன.

நம் இசை மனோதர்மத்தில் பிறப்பது, அதற்கு ஒத்திகை எதற்கு என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். மனோதர்மம் மேடையில் திடீரென்று முளைப்பதில்லை. குருவீட்டு விடியற்காலைச் சாதகமெல்லாம் கூலி இல்லாத ஒத்திகைதான். அதற்கு ஈடு கட்டத் தெரியாத மரபும் அல்ல நம்முடையது. தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜனின் 29ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு, ஆடுமகளிர் 400 பேருக்கும் நட்டுவர், பாடுவோர், கருவி வாசிப்போருக்கும் பங்கு பங்காக நிலவருவாய் ஒதுக்குகிறது. ஒரு பங்குக்கு 100 கலம் நெல். ஒருவர் இறந்தால் அடுத்த உறவினர் பங்கைப் பெற்றுப் பணியைத் தொடர வேண்டும் என்றும் விதிக்கிறது. வாசித்த நாளை எண்ணித் தந்த கூலி அல்ல இது, ஆண்டு முழுவதற்குமான பிழைப்பு. அந்த ஏற்பாட்டில் சாதிக்கட்டும் அடிமைத்தனமும் கலந்திருந்தன. அவற்றை விட்டுவிட்டு, பிழைப்புக்கு உறுதி தந்த பகுதியை மட்டும் எடுத்துக்கொள்வதில் தவறில்லை.

ஒத்திகைக்கும் காத்திருப்புக்கும் சம்பளம் தருவது பணக்கார நாட்டுக்குத்தான் கட்டுப்படியாகும் என்ற வாதம் வலுவானது. அரசுச் சம்பளம் எல்லா ஊருக்கும் வாய்க்காது என்பதும் மெய். ஆனால் லண்டனின் ராயல் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழுவின் கலைஞர்கள் மாதச் சம்பளக்காரர்கள் அல்லர், சுயதொழில் செய்பவர்கள். வேலை இருந்தால்தான் வரும்படி. அங்கேயும் ஒத்திகைக்குத் தனியே பணம் உண்டு. அதே குழு 2025 மார்ச் 8 அன்று லண்டன் அப்பல்லோ அரங்கில் இளையராஜாவின் ‘வேலியன்ட்’ சிம்பொனியை வாசித்தபோது உலகத் தமிழர்கள் பெருமைப்பட்டோம். அந்த ஓர் இரவின் துல்லியம் கூலி கொடுத்து நடத்திய ஒத்திகையில் உருவானது. கைதட்டியவர்களில் எத்தனை பேர் இதை யோசித்திருப்போம்?

ஆகவே புலம்பெயர்ந்த தமிழ்ச் சங்கங்களுக்கு ஒரு கோரிக்கை. பொங்கல் விழாவுக்கும் ஆண்டு விழாவுக்கும் ஊரிலிருந்து நாதஸ்வரக்காரரையோ கூத்துக் குழுவையோ அழைக்கும்போது விமான டிக்கெட், விடுதி, ஒரு நாள் சன்மானம் என்று கணக்கை முடித்துவிடாதீர்கள். ஒத்திகை நாட்களுக்கான கூலியைத் தனி வரியாக ஒப்பந்தத்தில் எழுதுங்கள், அதைப் புறப்படுவதற்கு முன்பே கையில் கொடுங்கள். செஞ்சிப் பக்கத்து ஊர்த் திருவிழாக் கமிட்டிகளும் இதைச் செய்யலாம். பட்டாசுக்கு எரிக்கும் பணத்தில் ஒரு பகுதி போதும்.