பையைக் காப்பது யார்?



மதரஸாவில் பாடம் நடத்தும் ஒரு மௌலவி கேளிக்கைப் பூங்காவைப் பற்றி எழுதுவதா என்று உங்களில் சிலர் வியப்படையலாம். நானும் தயங்கித்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் சென்ற வருடம் எங்கள் குடும்பம் மேற்கொண்ட ஒரு பயணத்தில் நான் கற்றுக்கொண்ட பாடம், இருபது வருடங்களாக மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தும் என் மனதில் இறங்காமல் இருந்த பாடம். அதனால் உங்களோடு பகிர்ந்து கொள்கிறேன்.

என் மனைவியின் இளைய சகோதரர் கோலாலம்பூரில் தொழில் செய்கிறார். "மச்சான், புள்ளைகளக் கூட்டிக்கிட்டு ஒரு தடவ வாங்க" என்று பல வருடங்களாக அழைத்துக் கொண்டிருந்தார். தங்குமிடச் செலவு இல்லை என்பதால் மூன்று வருடம் சீட்டுக் கட்டி விமானச் செலவுக்குப் பணம் சேர்த்தோம். பிள்ளைகள் மூவர். மூத்தவளுக்குப் பதின்மூன்று, மகனுக்கு ஒன்பது, கடைக்குட்டிக்கு நான்கு. அவர்களுக்கு வேண்டியதெல்லாம் ஒன்றே ஒன்று, 'சன்வே லகூன்' பூங்கா.

அந்தப் பூங்காவுக்கு ஒரு வரலாறு உண்டு. சிலாங்கூர் மாநிலத்தின் அப்பகுதி ஒரு காலத்தில் ஈயச் சுரங்கம். மண்ணைத் தோண்டி ஈயத்தை எடுத்த பின் பாழடைந்து கிடந்த பெருங்குழி. 1974இல் சிறியதொரு சுரங்கக் கம்பனியாகத் தொடங்கிய நிறுவனமே பிற்காலத்தில் அந்தக் குழியைச் சீர்செய்து, 1993இல் நீர்ப் பூங்காவாகத் திறந்தது. மேலே நின்று பார்த்தால் அது பள்ளத்தாக்கில் அமைந்திருப்பது தெரியும். பழைய குழியின் வடிவம் அது. பள்ளத்தின் குறுக்கே நடந்து செல்லத் தொங்குபாலம் ஒன்றும் உண்டு. அருகிலுள்ள பெரிய கடைத்தொகுதி 1997இல் வந்தது. 2015 முதல் அப்பகுதிக்கென உயர்பாதையில் தனி பஸ் சேவை ஓடுகிறது. பூங்காவின் பெயரிலேயே ஒரு தரிப்பிடம் இருப்பதால் வழி தேடி அலைய வேண்டியதில்லை.

புறப்படுவதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்னர் ஒரு நாள் இஷாத் தொழுகைக்குப் பின் எல்லோரும் பாயில் அமர்ந்து திட்டம் போட்டோம். நான் கொப்பியில் எழுதிக்கொண்டிருந்தேன். அப்போது மனைவி சாதாரணமாகச் சொன்னாள்: "நீங்க புள்ளைகளோட போய் விளையாடுங்க. நான் சாமானப் பாத்துக்கிட்டு இருக்கிறேன்."

எனக்கு அதில் எதுவும் தோன்றவில்லை. மூத்த மகள்தான் என் தொலைபேசியை எடுத்து, பழைய பயணப் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள். நுவரெலியா, தெஹிவளை மிருகக்காட்சிச்சாலை, காலிமுகத் திடல். "வாப்பா, இதில ஒண்டிலயும் உம்மா இல்லயே" என்றாள். ஒரே ஒரு படத்தில் இருந்தாள். தூரத்தில், மரத்தடியில், ஐந்து பைகளுக்கு நடுவே.

சகோதரிகளே, நபி (ஸல்) அவர்கள் அன்னை ஆயிஷா (ரழி) அவர்களோடு ஓட்டப் பந்தயம் ஓடியதை நான் மிம்பரில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். கேட்பவர்கள் புன்னகைப்பார்கள். நானும் மன நிறைவோடு இறங்கி வருவேன். ஆனால் என் வீட்டில் ஓட்டம் எனக்கும் பிள்ளைகளுக்கும், பை அவளுக்கு. அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

மறுநாள் கொப்பியில் எழுதியதைக் கிழித்துவிட்டு, புதிய பக்கத்தில் ஒரே கேள்வியிலிருந்து தொடங்கினோம்: உம்மாவும் விளையாட வேண்டுமானால் எவற்றைக் கொண்டு போக வேண்டும், எவற்றை விட்டுச் செல்ல வேண்டும்?

முதலில் நாளைத் தீர்மானித்தோம். நம் முஸ்லிம் பாடசாலைகளுக்கு நோன்பு மாதத்தில் விடுமுறை. அது பூங்காவுக்குப் போகும் காலமல்ல. எஞ்சிய விடுமுறைகளில் ஒன்றைத்தான் தெரிவு செய்ய வேண்டும். அதிலும் சனி, ஞாயிறும் மலேசியப் பாடசாலை விடுமுறையும் தவிர்க்கப்பட வேண்டியவை; கூட்டம் தாங்காது. நாங்கள் சென்றபோது செவ்வாய்க்கிழமைகளில் பூங்கா மூடப்பட்டிருந்தது. எனவே புதன்கிழமையைத் தெரிவு செய்தோம். நீங்கள் போகும் காலத்து ஒழுங்கை முன்கூட்டியே பார்த்துக் கொள்ளுங்கள். வீசா விடயத்திலும் அப்படியே. விதிகள் மாறிக்கொண்டே இருப்பதால் டிக்கட் வாங்குமுன் உயர்ஸ்தானிகராலயத்தில் கேட்டறிவது நல்லது.

அடுத்து உடை. மூத்த மகள் தண்ணீரில் இறங்கப் போவதில்லை என்று முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள். காரணம் கேட்டால் சொல்லவுமில்லை. தாயிடம்தான் சொன்னாளாம், தனக்கேற்ற உடை இல்லையென்று. நீர்ச் சறுக்கல்களில் பருத்தி உடையை விடமாட்டார்கள். அது தண்ணீரை உறிஞ்சிக் கனத்துவிடும். உலோகப் பொத்தானும் சிப்பும் சறுக்கலைக் கீறிவிடும். நைலோன், லைக்ரா போன்ற துணியே வேண்டும். தலை முதல் கால் வரை மறைக்கும் நீச்சலுடை இப்போது கிடைக்கிறது. மலேசியப் பெண்கள் அதனை அணிந்து கொண்டு சர்வசாதாரணமாக நீரில் இறங்குகிறார்கள். உம்மாவுக்கும் மகளுக்கும் ஒவ்வொன்று வாங்கினோம். எங்கள் செலவிலேயே மிகப் பயனுள்ள செலவு அதுதான். உடலோடு ஒட்டாதபடி ஓர் அளவு பெரிதாக எடுங்கள்.

பிள்ளைகளுக்கான சாமான்கள் வாங்கக் கொழும்பு புறக்கோட்டைக்குப் போனோம். இரண்டாம் குறுக்குத் தெருவில், நூறு வருடங்களைத் தாண்டி நிற்கும் சிவப்புப் பள்ளிவாசலில் அஸர் தொழுதுவிட்டுக் கடைகளில் ஏறி இறங்கினோம். அங்கே நான் ஒரு தவறு செய்தேன். கடைக்குட்டிக்கு ஒரு தள்ளுவண்டி வேண்டியிருந்தது. ஒரு கடையில் மிக மலிவாக ஒன்று கிடைத்தது. மனைவி "சில்லு மெல்லிசா இருக்கே" என்றாள். விலையைப் பார்த்த என் காதில் அது விழவில்லை. கோலாலம்பூரில் இரண்டாம் நாளே ஒரு சில்லு கழன்றது. நான்கு வயதுப் பிள்ளையைத் தோளில் சுமந்து நடந்தபோது, மலிவின் விலை எனக்குப் புரிந்தது.

நீங்கள் வாங்கும்போது வண்டியில் பிள்ளையை உட்கார வைத்துக் கடைக்குள்ளேயே தள்ளிப் பாருங்கள். ஒரு கையால் மடக்க முடிகிறதா, பிரேக் பிடிக்கிறதா, தோளுக்கும் இடுப்புக்கும் பட்டி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையேல் அயல்வீட்டில் நல்லதொன்று சும்மா கிடந்தால் வெட்கப்படாமல் இரவல் கேளுங்கள். பெரும்பாலான விமான சேவைகள் தள்ளுவண்டியை விமானத்தின் வாசல் வரை கொண்டு வர அனுமதிக்கின்றன. இன்னொன்று, மலேசியாவில் 2020 முதல் தனியார் கார்களில் சிறு பிள்ளைகளுக்குத் தனி இருக்கை பூட்டுவது சட்டம். காரில் அழைத்துச் செல்ல உறவினர் இருந்தால், பிள்ளையின் வயதையும் நிறையையும் முன்னரே அறிவித்து விடுங்கள். மச்சான் தன் நண்பரிடம் ஒன்றை வாங்கி வைத்திருந்தார்.

மற்றவை சிறியன. பிள்ளைக்கு ஒன்றாக முதுகில் மாட்டும் சிறிய பை. தன் உடை, துவாய், தண்ணீர்ப் போத்தல் ஆகியவற்றைத் தானே சுமக்க வேண்டும். நான்கு வயதுக்காரியும் தன் தொப்பியைச் சுமந்தாள். ஈர உடைக்கு இரண்டு பொலித்தீன் பை. பனடோல் பாணி, பிளாஸ்டர், இரண்டு பக்கற் ஜீவனி. வெயிலில் நாள் முழுக்க ஆடும் பிள்ளை தாகத்தைச் சொல்லாது. நாம்தான் கொடுக்க வேண்டும். புதுச் சப்பாத்தைப் பயணத்தன்று போடாதீர்கள். இரண்டு வாரம் முன்பிருந்தே போட்டுப் பழக்குங்கள். காற்றடைத்துக் கையில் மாட்டும் வளையங்களை நம்ப வேண்டாம். அவை விளையாட்டுப் பொருள்கள். உயிர் காப்பவை அல்ல. நீரில் இறங்கும் பிள்ளைக்கு உயிர்காப்பு அங்கியே வேண்டும். அதற்கு மேல் பெரியவர் ஒருவர் கையெட்டும் தூரத்தில் நிற்க வேண்டும்.

வீட்டுச் சுவரில் பிள்ளைகளின் உயரத்தையும் அளந்து குறித்துக் கொண்டோம். சவாரிகள் பலவற்றுக்கு உயர எல்லை உண்டு. எவற்றில் ஏற முடியாது என்பதை வீட்டிலேயே சொல்லிவிட்டால், வரிசையில் நின்று அழும் துன்பம் மிஞ்சும்.

நள்ளிரவு கடந்து கட்டுநாயக்கவில் விமானம் ஏறினோம். பயணம் சுமார் மூன்றரை மணித்தியாலம். அங்கு நேரம் நம்மைவிட இரண்டரை மணித்தியாலம் முந்தியது. இறங்கும்போது சுபஹுடைய நேரம் நடந்து கொண்டிருக்கும். நம் கடிகாரத்தைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. விமான நிலையத்திலும் கடைத்தொகுதிகளிலும் பூங்காக்களிலும் தொழுகை அறை இருக்கும். 'சூராவு' என்று கேட்டால் காட்டுவார்கள். ஷாபிஈ மத்ஹபின்படி, வந்த நாளும் திரும்பும் நாளும் நீங்கலாக முழுமையாக நான்கு நாள் தங்க எண்ணாதவர் சுருக்கித் தொழலாம். நாங்கள் தங்கியது மூன்று நாள். பூங்கா தினத்தில் லுஹரையும் அஸரையும் சேர்த்துச் சுருக்கித் தொழுதோம். பெண்களுக்கு உலர்ந்த உடை ஒரு சோடி தனியே இருந்தால் தொழுகை இலகுவாகும். உணவுக்கு, மலேசிய அரசின் ஜாகிம் நிறுவனத்தின் ஹலால் முத்திரையைப் பார்த்துக் கொள்ளுங்கள்.

புதன்கிழமை காலை பத்து மணிக்கு வாசல் திறந்ததும் உள்ளே போனோம். முதல் வேலையாகப் பூட்டு அலுமாரி ஒன்றை வாடகைக்கு எடுத்துப் பைகளை வைத்தோம். கடவுச்சீட்டுகள் மச்சானின் வீட்டிலேயே இருந்தன. இனி யாரும் பையைக் காக்க வேண்டியதில்லை என்று நினைத்தேன். ஆனாலும் துவாய்கள், செருப்புகள், தண்ணீர், தள்ளுவண்டியின் இடத்தில் இப்போது என் தோள். ஒருவர் இருந்தே ஆக வேண்டும். மனைவி பழக்கத்தில் கல்லில் அமரப் போனாள். "இன்று நான்" என்றேன்.

அவள் நம்பவில்லை. மகள் கையைப் பிடித்து இழுத்துக் கொண்டு போனாள்.

நான் உட்கார்ந்தேன். ஒரு மணித்தியாலம். வெயில் நகர நகரச் சாமான்களை நிழலுக்கு நகர்த்தினேன். மகன் வந்து தண்ணீர் கேட்டான். கடைக்குட்டி வந்து பசி என்றாள், பிறகு கழிவறை என்றாள், பிறகு உம்மா வேண்டுமென்றாள். என்னால் எழவும் முடியவில்லை, அமர்ந்திருக்கவும் முடியவில்லை. பதினைந்து வருடங்களாக இதைத்தான் 'சும்மா உட்கார்ந்திருப்பது' என்று நான் நினைத்திருந்தேன்.

மகனின் செருப்பைத் தேடிக் குனிந்து நிமிர்ந்தேன். கடைக்குட்டியைக் காணவில்லை.

அந்த நிமிடங்களை எழுத இப்போதும் கை நடுங்குகிறது. அத்தனை தண்ணீர், அத்தனை தலைகள். நான் அவள் பெயரைக் கத்திக் கொண்டு ஒரு பக்கம் ஓடினேன். மனைவி என் சத்தம் கேட்டு ஈர உடையோடு ஓடிவந்தாள். அழவில்லை. நேரே அருகிலிருந்த உயிர்காப்பாளரிடம் போய், பிள்ளையின் உடை நிறத்தையும் வயதையும் சைகையால் காட்டினாள். பத்து நிமிடத்தில் என் கழுத்தில் தொங்கிய, தண்ணீர் புகாத உறையிலிருந்த தொலைபேசி ஒலித்தது. அழைத்தவர் மச்சான். பிள்ளை உணவுக் கடையருகே பணிப்பெண் ஒருவரோடு நிற்கிறாள் என்றார்.

அவள் கையில் ஒரு துணிப் பட்டி கட்டியிருந்தோம். அதில் தொலைபேசி இலக்கத்தை அழியாத மையால் எழுதியிருந்தோம். நம் ஊர் இலக்கத்தைத்தான் நான் எழுதப் போனேன். "அங்க உள்ள ஆக்கள் இலங்கைக்கு எடுப்பாங்களா? தம்பிட நம்பர எழுதுங்க" என்று மனைவிதான் திருத்தினாள். பெயரை வெளியே தெரியும்படி எழுத விடவில்லை. அந்நியர் பெயர் சொல்லி அழைத்தால் பிள்ளை போய்விடும் என்றாள். சகோதரிகளே, இதைப் போன்ற அறிவு எந்த மதரஸாவிலும் எனக்குச் சொல்லித் தரப்படவில்லை.

பிள்ளையைக் கட்டியணைத்துச் சற்று நேரம் எல்லோரும் நிழலில் அமர்ந்திருந்தோம். லுஹரையும் அஸரையும் தொழுதோம். இனி வீட்டுக்குப் போவோம் என்று மனைவி சொல்வாள் என எதிர்பார்த்தேன். அவள் என்னைப் பார்த்து, "இப்ப மகன் ஒரு மணித்தியாலம் சாமானப் பாக்கட்டும். தாத்தா அவனோட இருக்கட்டும். சின்னவள நீங்க தூக்குங்க. அந்த அலைத் தண்ணிக்கு எல்லாரும் போகல்ல இன்னும்" என்றாள்.

அலைக்குளத்தின் ஆழம் குறைந்த ஓரத்தில், சின்னவள் என் தோளில், மனைவி என் பக்கத்தில். முதல் அலை வந்து முழங்காலில் அடித்தபோது அவள் சிரித்த சிரிப்பை நான் திருமணமான புதிதில் கேட்டிருக்கிறேன். நான் தடுமாறினேன். அவள் தடுமாறவில்லை.

இந்தக் கட்டுரையை வாசிக்கும் சகோதரிகளே, உங்கள் வீட்டில் மலேசியப் பயணம் வாய்க்கலாம், வாய்க்காமலும் போகலாம். கடற்கரைக்கு ஒரு மாலை போவதானாலும் சரி, புறப்படுமுன் யார் எந்தப் பையைச் சுமப்பது, யார் எத்தனை மணிக்குக் காவலிருப்பது என்று கொப்பியில் எழுதி வையுங்கள். இந்தப் பக்கத்தை வீட்டிலுள்ள ஆண்களிடமும் கொடுங்கள். அவர்கள் வாசிக்க மறுத்தால், ஒரு மௌலவி எழுதியது என்று சொல்லிப் பாருங்கள்.

இப்போது என் தொலைபேசியில் அந்தப் பயணத்தின் படங்கள் இருக்கின்றன. உம்மா எல்லாவற்றிலும் இருக்கிறாள். ஒன்றில் மட்டும் தூரத்தில், துவாய்களுக்கு நடுவே, தொப்பி போட்ட ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். பிள்ளைகளுக்கு மிகப் பிடித்த படம் அதுதான். அல்ஹம்துலில்லாஹ்.